அழகுக் கதிரை நம்பாத பையன்

1904-ம் ஆண்டு. குளிர்காலம். அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். அங்கே ஏம்ஸ் என்ற ஊரில் ஒரு விவசாயக் கல்லூரி.

கல்லூரிக் கூடத்தில் நல்ல கூட்டம். எல்லோரும் விவசாயிகள். நீளமான மேஜைகள் போட்டு, மக்காச்சோளக் கதிர்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

என்ன நடக்கிறது? போட்டி! கதிர்களுக்கு அழகுப் போட்டி!

மணிகள் கோணாமல் நேர் வரிசையில் நிற்க வேண்டும். அடியிலிருந்து நுனி வரை கதிர் ஒரே பருமனாக இருக்க வேண்டும். நுனி மொட்டையாக இருக்கக் கூடாது. பத்துக் கதிர்களை எடுத்தால் பத்தும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கதிர்களுக்குத்தான் பரிசு. பரிசு வாங்கிய கதிரின் விதைக்கு விலையும் அதிகம்.

போட்டியை நடத்தியவர் ஹோல்டன் என்ற பேராசிரியர். கெட்டிக்காரர். அந்த ஆண்டுகளில் ரெயிலிலேயே ஊர் ஊராகச் சென்று விவசாயிகளுக்கு விதையைப் பற்றிப் பாடம் சொன்னவர். விதையை முளைக்க வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் நடுங்கள் என்று அவர் சொல்லிக் கொடுத்ததால், எத்தனையோ குடும்பங்கள் நஷ்டத்திலிருந்து தப்பின.

கூட்டத்தில் ஒரு பையன் இருந்தான். பதினைந்து வயது. மெலிந்த உடம்பு. கலைந்த தலைமயிர். கூச்ச சுபாவம். ஆனால் அவனுக்கு ஒரு சந்தேகம். அதை அடக்க முடியவில்லை. பேராசிரியரிடமே கேட்டுவிட்டான்.

அழகான கதிர் அதிகமாக விளையும் என்பதற்கு என்ன அத்தாட்சி? சோளத்தைத் தின்னப் போவது பன்றி. பன்றி அழகையா பார்க்கப் போகிறது? இதுதான் பையனின் கேள்வி.

பேராசிரியர் கோபித்துக் கொள்ளவில்லை. கண்காட்சியில் இருந்த கதிர்களில் சிலவற்றை அவன் கையில் கொடுத்து, நட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பினார்.

பையன் சும்மா இருக்கவில்லை. தகப்பனாரிடம் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கினான். ஒரு கதிரின் விதையை இன்னொரு கதிரின் விதையோடு கலக்காமல், தனித்தனி வரிசையாக நட்டான். களை எடுத்தான். காத்திருந்தான். அறுவடைக் காலம் வந்ததும் ஒவ்வொரு வரிசையின் விளைச்சலையும் தனியாக எடை போட்டு எழுதினான்.

கணக்கு என்ன சொல்லிற்று? அழகில் முன்னால் நின்ற கதிர்களில் பல விளைச்சலில் பின்னால் போய்விட்டன. அழகில்லை என்று ஒதுக்கிய கதிர்களில் சில அள்ளிக் கொடுத்திருந்தன!

அந்தப் பையன்தான் ஹென்றி அகார்டு வாலஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் விவசாய மந்திரி. அப்புறம் உப ஜனாதிபதி. அயோவாவின் குடும்பப் பண்ணைகளை இவர் அளவுக்கு மாற்றிய மனிதர் வேறு யாரும் இல்லை என்று சொல்லலாம். அந்த மாற்றம் முழுவதும் நன்மையா என்றால், அதுதான் இந்தக் கதை.

மூன்று ஹென்றிகள்

வாலஸ் குடும்பத்தில் பெயருக்குப் பஞ்சம் போலிருக்கிறது. பாட்டனார் பெயர் ஹென்றி. தகப்பனார் பெயர் ஹென்றி. பேரன் பெயரும் ஹென்றி!

பாட்டனார் பாதிரியாராக இருந்தவர். உடல்நலம் கெட்டதால் பிரசங்கத்தை விட்டுவிட்டு, அயோவாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். பிறகு பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். விவசாயிகள் அவரை 'ஹென்றி மாமா' என்றே அழைத்தார்கள். அவ்வளவு பிரியம்.

1888-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, ஓரியண்ட் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் பேரன் ஹென்றி பிறந்தார். அப்போது தகப்பனார் அங்கே உழுது பயிரிட்டு வந்தார். விலை கிடைக்கவில்லை. பண்ணையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு ஏம்ஸ் நகருக்குப் போய்ப் படிப்பை முடித்து, கல்லூரியிலேயே ஆசிரியர் ஆனார். 1895-ம் ஆண்டில் குடும்பமே சேர்ந்து 'வாலஸஸ் பார்மர்' என்ற விவசாயப் பத்திரிகையை நடத்தத் தொடங்கியது. அயோவாப் பண்ணை வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடியாக அந்தப் பத்திரிகை இருந்தது என்று சொன்னாலும் மிகை ஆகாது.

ஏம்சில் வாலஸ் வீட்டுக்கு ஒரு மாணவர் வருவார். கறுப்பினத்தவர். அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பின்னால் நிலக்கடலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். செடி கொடிகளைத் தேடிக் காட்டுக்குப் போகும்போது சிறுவன் ஹென்றியையும் கூட்டிப் போவார். பூவின் எந்தப் பாகத்துக்கு என்ன வேலை, எந்தப் புல்லுக்கு என்ன பெயர் என்று சொல்லிக் கொடுப்பார். கறுப்பருக்குப் பக்கத்தில் உட்காரவே பல வெள்ளையர் கூசிய காலம் அது. ஹென்றிக்குச் செடிகளின் மேல் மோகம் பிறந்தது அவரிடத்தில்தான்.

கட்டம் போட்ட பூமி

அயோவாவின் பண்ணை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மேலே உள்ள கதை புரியும்.

அது மத்திய மேற்குப் பகுதி. மலை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. ஆள் உயரப் புல். அதன் கீழே கருமண். சாக், மெஸ்குவாக்கி முதலிய பூர்வகுடி மக்கள் வாழ்ந்த பூமி அது. 1832-ம் ஆண்டில் நடந்த யுத்தத்துக்குப் பிறகு சர்க்கார் அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்து, வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. இதை மறைத்துவிட்டுப் பண்ணைகளின் பெருமையை மட்டும் பேசுவது சரியல்ல.

நிலத்தைச் சதுரங்கப் பலகை போல் கட்டம் கட்டமாக அளந்தார்கள். ஒரு சதுர மைல் என்றால் 640 ஏக்கர். அதில் கால் பாகம் 160 ஏக்கர். ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது.

160 ஏக்கரா என்று மலைக்க வேண்டாம். அங்கே கூலி ஆள் கிடைப்பது அரிது. புருஷன், மனைவி, பிள்ளைகள், நாலைந்து குதிரைகள். இவ்வளவுதான் பண்ணையின் படை. ஒரு பக்கம் சோளம். ஒரு பக்கம் ஓட்ஸ். ஒரு பக்கம் குளோவர் என்ற தீவனப் பயிர். சோளத்தைப் பன்றிக்குப் போட்டு, பன்றியை விற்றுப் பணம் பார்ப்பார்கள். பாலும் முட்டையும் வீட்டு அம்மாளின் பொறுப்பு. மளிகைக் கடைச் செலவு அதில் ஓடிவிடும்.

விதைக்குக் கடைக்குப் போவது கிடையாது. அறுவடையின் போதே நல்ல கதிராகப் பொறுக்கி, பரணிலோ கொட்டகையிலோ கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆண்டுக்கு அதுதான் விதை. தகப்பன் பொறுக்கிய கதிர், மகன் பொறுக்கிய கதிர் என்று பரம்பரையாக வரும். எந்தக் கதிர் நல்ல கதிர் என்று பார்க்கும் கண் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெருமை. பரிசுப் போட்டிகளுக்கு அவ்வளவு மவுசு இருந்த காரணமும் இதுதான்.

பலவீனத்தில் பிறந்த பலம்

ஹென்றி 1910-ம் ஆண்டில் கல்லூரிப் படிப்பை முடித்துக் குடும்பப் பத்திரிகையில் சேர்ந்தார். 1914-ல் ஐலோ பிரவுன் என்ற பெண்ணை மணந்தார். பகலில் எழுத்து. காலையிலும் மாலையிலும் சோளக் கொல்லை.

அப்போது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் சற்று நின்று பார்ப்போம்.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் கொண்டை போல் இருப்பது ஆண் பூ. நடுவே, பட்டு நூல் தொங்கக் கதிர் பிடிப்பது பெண் பூ. கொண்டையிலிருந்து மகரந்தம் காற்றில் பறந்து எந்தச் செடியின் கதிரிலும் விழும். அதனால் கொல்லை முழுவதும் கலப்படம்தான்.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? கொண்டைக்கும் கதிருக்கும் காகிதப் பை மாட்டினார்கள். ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிரில் தூவினார்கள். இப்படியே ஏழெட்டுத் தலைமுறை செய்ததும் செடி குட்டையாகி, கதிர் சிறுத்து, பார்க்கவே பரிதாபமாக ஆகிவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட இரண்டு நோஞ்சான் குலங்களை ஒன்றோடொன்று சேர்த்தால் பிறக்கிற பிள்ளை பீமசேனன்! பாட்டன், பூட்டன் எவரும் விளையாத அளவுக்கு விளையும். எல்லா ஜோடியும் இப்படி அமைவதில்லை. நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஒன்று இரண்டு அகப்படும். இதுதான் ஒட்டு விதை.

இதைப் படித்த வாலஸ் ஆராய்ச்சியில் குதித்தார். 1923-ல் ஒரே ஓர் ஏக்கரில் தமது ஒட்டு விதையை உற்பத்தி செய்ய வைத்தார். 'காப்பர் கிராஸ்' என்று அதற்குப் பெயர். 1924-ல் அயோவா விளைச்சல் போட்டியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. இந்தப் போட்டியில் அழகுக்கு இடமில்லை. எடைக்குத்தான் பரிசு! இப்படி ஒரு போட்டி வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் வாலசும் ஒருவர்.

1926-ம் ஆண்டில் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு விதைக் கம்பெனி தொடங்கினார். மனைவிக்கு வந்த பிதுரார்ஜிதப் பணம் கை கொடுத்தது. உலகிலேயே ஒட்டுச் சோள விதைக்கென்று ஏற்பட்ட முதல் கம்பெனி அதுதான் என்று சொல்வார்கள். பின்னால் அது 'பயனீர்' என்று பெயர் பெற்றது.

ஆனால் இந்த விதையில் ஒரு சூட்சுமம் உண்டு. விளைந்த சோளத்தை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் பழைய பலம் வராது. விளைச்சல் சரிந்துவிடும். ஆண்டுதோறும் கம்பெனியிடம்தான் புது விதை வாங்க வேண்டும். பரணில் தொங்கிய கதிருக்கு இனி வேலை இல்லை!

விவசாயி சுலபத்தில் சம்மதிப்பாரா? இனாமாகக் கிடைத்த விதைக்குப் பணம் கொடுப்பதா என்று கேட்டார்கள். வாலஸ் கம்பெனிக்கு விதை விற்க வந்த கார்ஸ்ட் என்பவர் ஒரு தந்திரம் செய்தார். கூன் ராப்பிட்ஸ் என்ற ஊர்க்காரர். பேச்சில் சூரர். விதையை இனாமாகவே கொடுத்தார். பாதிக் கொல்லையில் இதை நடுங்கள், பாதியில் உங்கள் விதையை நடுங்கள். என் விதை எவ்வளவு அதிகமாக விளைகிறதோ அதில் பாதியை எனக்குக் கொடுங்கள் என்பது பேச்சு. அறுவடை முடிந்ததும் விவசாயி கணக்குப் பார்த்தார். பாதியை அளந்து கொடுப்பதைவிட விதையை விலைக்கு வாங்குவதே லாபம்! மறு ஆண்டு ரொக்கம் கொடுத்து வாங்கினார்.

சோளத்தை எரித்தார்கள்

விளைச்சல் இருந்தால் போதுமா? விலை வேண்டாமா?

முதல் உலக யுத்தத்தின் போது சோளம் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, ஒரு டாலருக்கு மேல் விற்றது. பன்றிக்கும் நல்ல விலை. விவசாயிகள் பாங்கியில் கடன் வாங்கி மேலும் மேலும் நிலம் வாங்கினார்கள். 1920-ல் அயோவாவில் ஓர் ஏக்கர் சராசரி 255 டாலர். யுத்தம் முடிந்து ஐரோப்பா தன் காலில் நின்றதும் விலை சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை.

தகப்பனார் ஹென்றி 1921-ல் அமெரிக்க விவசாய மந்திரியானார். விவசாயிகளுக்கு நியாய விலை கிடைக்க வேண்டும் என்று போராடினார். மந்திரிசபையிலேயே எதிர்ப்பு. 1924-ல் பதவியில் இருக்கும் போதே இறந்து போனார். அலைச்சலும் மனக்கஷ்டமும்தான் தகப்பனாரைக் கொன்றுவிட்டன என்று மகன் நினைத்தார். பரம்பரையாக இருந்த குடியரசுக் கட்சியின் பக்கம் அதன் பிறகு அவர் மனம் ஒட்டவில்லை.

1932-ம் ஆண்டு வந்தது. அயோவாவில் சோளத்தின் விலை புஷலுக்குப் பத்து சென்ட் அளவுக்கு விழுந்தது. நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர். நிலக்கரியை விடச் சோளம் மலிவு! பல வீடுகளில் குளிருக்குச் சோளத்தைப் போட்டு எரித்தார்கள். சாப்பிடும் தானியத்தை அடுப்பில் போட அந்தத் தாய்மார்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஏக்கர் 69 டாலருக்கு இறங்கியது. பாங்கிகள் பண்ணைகளை ஏலத்துக்குக் கொண்டு வந்தன. அப்போது அக்கம்பக்கத்தார் ஒன்று கூடினார்கள். ஏலத்தில் சூழ்ந்து நின்று குதிரைக்குப் பத்து சென்ட், கலப்பைக்கு ஐந்து சென்ட் என்று கேட்பார்கள். வெளியூர்க்காரன் மேலே கேட்க வாய் திறந்தால், அவன் தோளில் ஒரு கை விழும். எல்லாவற்றையும் சில டாலருக்கு எடுத்து, பண்ணைக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'பென்னி ஏலம்' என்று இதற்குப் பெயர்.

1933-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லெ மார்ஸ் என்ற ஊரில் நிலைமை முற்றியது. கோர்ட்டில் இருந்த நீதிபதி பிராட்லி என்பவரை விவசாயிகள் இழுத்துக் கொண்டு போய், கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். இனிமேல் பண்ணைகளை ஜப்தி செய்ய உத்தரவு போடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். கடைசி நேரத்தில் உயிரோடு விட்டார்கள். கவர்னர் ராணுவச் சட்டம் போட்டார். இவ்வளவும் செய்தவர்கள் ரவுடிகள் அல்ல, நேற்று வரை சாதுவாக உழுது கொண்டிருந்தவர்கள்.

தகப்பனார் இருந்த நாற்காலியில்

இந்தக் கலவரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன்புதான் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றிருந்தார். விவசாய மந்திரி யார்? வாலஸ்! தகப்பனார் இருந்த அதே பதவி. அப்போது வயது 44.

மே மாதத்தில் புதுச் சட்டம் வந்தது. சரக்கு மிஞ்சிப் போனதால்தானே விலை இல்லை? விவசாயி கொஞ்சம் நிலத்தைத் தரிசாகப் போடட்டும், அதற்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் என்பது திட்டம். ஆனால் பயிர் ஏற்கனவே முளைத்துவிட்டது. பன்றிகள் குட்டி போட்டுவிட்டன. என்ன செய்வது? பருத்தியை உழுது மடித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றார்கள். பெரும்பாலும் குட்டிகள்.

ஒரு பகுதி இறைச்சி ஏழைகளுக்குப் போயிற்று. மீதி கொழுப்பாகவும் உரமாகவும் போயிற்று. நகரங்களில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில் இப்படிச் செய்யலாமா என்று தேசமே கொதித்தது. வாலசுக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை. வேறு வழி இல்லை என்றார். தொழிற்சாலைகள் விலை இல்லாத போது உற்பத்தியைக் குறைக்கவில்லையா, அதை யாராவது குற்றம் சொன்னார்களா என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். என்றாலும் 60 லட்சம் குட்டிகளை நினைத்தால் நமக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் அவர் செய்த இன்னொரு காரியம் விவசாயிகளைக் காப்பாற்றியது. சோளத்தை அவரவர் குதிரிலேயே வைத்துப் பூட்டி முத்திரை போட வேண்டும். அதன் பேரில் புஷலுக்கு 45 சென்ட் வீதம் சர்க்கார் கடன் கொடுக்கும். விலை ஏறினால் விற்றுக் கடனைக் கட்டலாம். ஏறாவிட்டால் சோளத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். மேற்கொண்டு எதுவும் கேட்காது. அந்தக் குளிர்காலத்தில் பல அயோவாக் குடும்பங்கள் கையில் காசைப் பார்த்தது இப்படித்தான்.

1936-ல் சுப்ரீம் கோர்ட்டு பழைய சட்டத்தைத் தள்ளிவிட்டது. 1938-ல் வேறு சட்டம் கொண்டு வந்தார். விளைந்த காலத்தில் வாங்கிச் சேமி, பஞ்ச காலத்தில் வெளியே விடு என்பது அதன் சாரம். பழைய சீன தேசத்தில் இப்படி ஒரு களஞ்சிய முறை இருந்ததாக ஒரு சீன அறிஞரின் நூலில் படித்திருந்தார். அப்படிச் சேர்த்த தானியம் இரண்டாம் உலக யுத்தத்தில் பயன்பட்டது.

தெற்கே பருத்திக் காட்டில் மட்டும் அவர் தவறிவிட்டார். தரிசுப் பணம் நிலச் சொந்தக்காரர் கைக்குப் போயிற்று. அவர்கள் வாரக் குடிகளை வெளியேற்றினார்கள். குடிகளுக்காக வாதாடிய தம் இலாகா அதிகாரிகளை 1935-ல் வாலசே வேலையிலிருந்து நீக்க இடம் கொடுத்தார். மறு ஆண்டு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அந்த ஏழைகளின் நிலைமை அவருக்கு உறைத்தது. அதன் பிறகு குடிகள் நிலம் வாங்கக் கடன் கொடுக்கும் சட்டம் வந்தது. வீட்டை விட்டு ஏற்கனவே துரத்தப்பட்டவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

கிரீன் மாவட்டத்தில்

அவர் தலைநகரில் இருந்த அந்த ஆண்டுகளில் அவருடைய விதை ஊர்களில் பரவிக் கொண்டிருந்தது.

அயோவாவில் கிரீன் என்ற மாவட்டம். அதில் ஜெபர்சன், கிராண்ட் ஜங்ஷன் என்று இரண்டு ஊர்கள். அங்கே ஒட்டு விதை எப்படிப் பரவிற்று என்று கல்லூரி ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 1943-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. உலகப் பிரசித்தி பெற்ற ஆராய்ச்சி அது.

கணக்கில் எடுத்த விவசாயிகள் 259 பேர். 1928-ல் ஓரிருவர்தான் விதையை வாங்கினார்கள். அதுவும் கொல்லையின் ஒரு மூலையில் நட்டுப் பார்க்க மட்டும். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் விற்பனைக்காரர். ஆனால் வாங்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தவர் வேலிக்கு அந்தப் பக்கத்து அண்டை வீட்டுக்காரர்! அவர் கொல்லை விளைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை பணத்தை எடுத்தது. 1934-லும் 1936-லும் மழை பொய்த்தது. பழைய சோளம் காய்ந்து சாய்ந்தது. ஒட்டுச் சோளம் தாக்குப் பிடித்து நின்றது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? 1941-க்குள் 259 பேரில் இரண்டே இரண்டு பேர் தவிர எல்லோரும் மாறிவிட்டார்கள்.

அந்த இருவர் யாரோ, ஏன் மறுத்தார்களோ! பரணில் கதிர் தொங்கிய கடைசி வீடுகள் அவர்களுடையவையாக இருந்திருக்கலாம்.

விளைச்சல் ஏறிற்று. 1920-களில் அயோவாவில் ஏக்கருக்கு 40 புஷல் என்றாலே நல்ல விளைச்சல். 2021-ல் மாநிலத்தின் சராசரியே 200 புஷலைத் தாண்டிவிட்டது. ஒட்டு விதையோடு உரமும் டிராக்டரும் வந்தன. இவை எல்லாம் பணம். குதிரைக்குத் தீனி வீட்டிலேயே விளையும். டிராக்டருக்கு எண்ணெய் விளையாது. விதையும் கடையில், உரமும் கடையில். பணம் உள்ளவர் பக்கத்துப் பண்ணையையும் வாங்கினார். இல்லாதவர் விற்றுவிட்டுப் பட்டணம் போனார். 1935-ல் அயோவாவில் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் பண்ணைகள் இருந்தன. 2022-ல் எண்ணிய போது சுமார் 87 ஆயிரம். சராசரிப் பண்ணை 155 ஏக்கரிலிருந்து 345 ஏக்கராக வீங்கிவிட்டது. 1999-ல் வாலஸ் தொடங்கிய கம்பெனியையே டுபாண்ட் என்ற பெரிய ரசாயனக் கம்பெனி வாங்கிவிட்டது.

பழியை எல்லாம் விதையின் மேல் போட முடியாது. கடன், யந்திரம், சந்தை, பட்டணத்துச் சம்பளம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. சின்னப் பண்ணைக்காரர் நிலத்திலேயே நிலைக்க வேண்டும் என்றுதான் வாலஸ் வாழ்நாள் எல்லாம் எழுதினார், சட்டம் போட்டார். அவர் கையால் வந்த விதையோ வேறு திசையிலும் இழுத்தது.

எண்பத்திரண்டு நாள்

1940-ல் உப ஜனாதிபதித் தேர்தலில் ஜயித்தார். பதவி ஏற்கும் முன் மெக்சிகோவுக்குத் தாமே காரை ஓட்டிக்கொண்டு போனார். ஸ்பானிஷ் மொழி கற்றிருந்தார். வழியில் கொல்லைகளைக் கண்டால் இறங்கிவிடுவார். சோளமே உயிராக வாழும் அந்த ஏழை விவசாயிகளின் விளைச்சலைக் கண்டு வருந்தி, ஊர் திரும்பியதும் ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனத்தாரைத் தூண்டினார். 1943-ல் மெக்சிகோவில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் பிறந்தது. மறு ஆண்டு அதில் வேலைக்குச் சேர்ந்தவர் நார்மன் போர்லாக். அவரும் அயோவாப் பண்ணையில் பிறந்தவர்தான். அவர் உண்டாக்கிய குட்டைக் கோதுமை விதையைத்தான் 1966-ல் நம் தேசம் 18 ஆயிரம் டன் வாங்கி விதைத்தது. அப்போது உணவு மந்திரி சி. சுப்பிரமணியம். கூட நின்ற விஞ்ஞானி கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன்.

இந்தியாவோடு அவருக்கு இன்னொரு தொடர்பு உண்டு. குலு பள்ளத்தாக்கில் குடியேறியிருந்த ரோரிக் என்ற ரஷிய ஓவியரைக் குருவாக எண்ணி விசித்திரமான கடிதங்கள் எழுதினார். 1948-ல் அவை பத்திரிகையில் வெளிவந்து அவர் மானத்தை வாங்கின. சோளத்தில் அத்தாட்சி கேட்ட மனிதர் சாமியார் விஷயத்தில் கேட்கவில்லை!

1944-ல் கட்சித் தலைவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு ட்ரூமனை உப ஜனாதிபதி அபேட்சகராக நிறுத்தினார்கள். ட்ரூமன் பதவி ஏற்று 82-வது நாள் ரூஸ்வெல்ட் காலமானார். ட்ரூமன் ஜனாதிபதியானார். வாலசுக்குத் தவறிப்போனது அதுதான். அப்போது வர்த்தக மந்திரியாக இருந்தார். ரஷியாவோடு சமாதானமாகப் போக வேண்டும் என்று பேசியதற்காக 1946-ல் அந்தப் பதவியும் போயிற்று.

1948-ல் தனிக் கட்சி வைத்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். தெற்கே வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக உட்காரும் கூட்டத்தில் பேச முடியாது என்று மறுத்தார். முட்டையும் தக்காளியும் அவர் மேல் விழுந்தன. தேர்தலில் படுதோல்வி. ரஷியாவைப் பற்றித் தாம் நினைத்தது தவறு என்று 1952-ல் அவரே எழுதினார்.

அதன் பிறகு அரசியல் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் சவுத் சேலம் என்ற ஊரில் பண்ணை வாங்கிக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். சோளம், கோழி, ஸ்ட்ராபெர்ரி, கிளாடியோலஸ் பூ. எல்லாவற்றிலும் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, எடை போட்டு, எழுதி வைப்பார். ருசி இல்லாத பெரிய ஸ்ட்ராபெர்ரியைக் காட்டிலும் ருசியுள்ள சின்னதே மேல் என்பது அவர் கட்சி.

1964-ல் கால் தடுமாறத் தொடங்கியது. நரம்புகள் மெல்ல மெல்லச் செத்து, தசைகள் ஓய்ந்து போகும் வியாதி. மருந்து இல்லாத வியாதி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வாலஸ் காகிதம் எடுத்தார். எந்த உணவு சாப்பிட்டால் உடம்பு என்ன செய்கிறது, எந்தத் தசை எவ்வளவு தளர்ந்தது என்று பயிரைக் கவனிப்பது போலவே தம்மைக் கவனித்து எழுதினார். பேச்சு நின்ற பிறகும் எழுத்து நிற்கவில்லை. டாக்டர்களுக்குப் பயன்படட்டும் என்று அதை விட்டுச் சென்றார்.

1965-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி உயிர் பிரிந்தது. அயோவாவின் தலைநகரான டெமாயின் நகரில் அவரை அடக்கம் செய்தார்கள். அறுவடை முடிந்து, கொல்லைகளில் வெறும் தட்டை நின்ற சமயம் அது.